இடப்பக்க இருக்கை

வண்டி ஜப்பானில் பிறந்தது, ஸ்டியரிங் வலப்பக்கம்.
பிஷ்கேக்கில் சாலையும் வலப்பக்கம்தான்.
அதனால் லாரியின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்
எனக்குத் தெரிவது அந்த முதுகு மட்டும்.
எதிரே என்ன வருகிறதென்று
இடப்பக்கம் உட்கார்ந்தவள்தான் சொல்லவேண்டும்.
ஜிபார்குல்,
அந்த வேலை உனக்கு.

சாவி திருப்பியதும் வண்டிக்குள் ஒருத்தி
ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்கிறாள்.
'பெட்ரோல் பார்த்தாயா' என்கிறாள் என்பேன் நான்.
'வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா' என்பாய் நீ.

நம் திட்டம் கோட்டு வெட்டும் அட்டையின் பின்புறம் இருக்கிறது.
ஆண்கள் அளவு ஐம்பத்திரண்டு, இடது கை.
தோளில் பிஷ்கேக்.
முழங்கை மடியும் இடத்தில் தோ-ஆஷு கணவாய், அதன் சுரங்கம்.
பிறகு சூசாமிர் புல்வெளி,
தேன் பாட்டில்களைச் சாலையோரம் அடுக்கி விற்கும் தொக்தோகுல்,
தேய்ந்த சோப்புச் சில்லால் இழுத்த கோடு
மணிக்கட்டில் போய் நிற்கிறது:
சாரி-செலெக்,
மலைக்கு நடுவே ஏரி.

கோடையில் குளிர்கோட்டு தைக்கிறோம்,
பனி கொட்டும்போது பூப்போட்ட சட்டை.
பன்னிரண்டு வருஷமாக
ஒரு பருவம் முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறோம்.
'ஒரே ஒரு இலையுதிர்காலத்தையாவது
அது உதிரும்போதே பார்க்கணும்' என்றாய்,
பாபினில் நூல் சுற்றிக்கொண்டே.
அன்று மாலைதான் நான் ஓட்டுநர் பள்ளியில் பணம் கட்டினேன்.
உன்னிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசி என்று முடிவு செய்தோம்.
நோவோசிபிர்ஸ்க்கிலிருந்து நானூறு கோட்டுக்கு ஆர்டர் வந்தது.
அக்டோபர் முதல் சனி என்றோம்,
உன் மகனுக்குச் சின்னம்மை.
மூன்றாம் முறை தள்ளிப்போட்டவள் நான்.
டயர் சரியில்லை என்றேன்.
டயருக்கு ஒன்றுமில்லை.
என் உரிமத்துக்கு வயது இருபத்துமூன்று நாள்,
அந்தச் சுரங்கமோ கனவில் நீண்டுகொண்டே போகிறது.
நீ டயரைக் காலால் ஒரு தட்டு தட்டினாய்,
'ஆமாம், சரியில்லைதான்' என்றாய்.

அர்கித் கிராமத்தில் ஒரு வீட்டில் அறை சொல்லியாகிவிட்டது.
தொலைபேசியில் அந்தப் பெண் கத்திப் பேசினாள்:
பகலில் வீட்டில் ஆள் இருக்காது,
எல்லோரும் காட்டில் வால்நட் பொறுக்கிக்கொண்டிருப்போம்,
சாவி கவிழ்த்த வாளிக்கு அடியில்,
நாய் குரைக்கும், கடிக்காது,
கடித்தால் என் பெயரைச் சொல்.
பெயரைச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

போன ஞாயிறு ஒத்திகை. காரா-பால்தா வரை.
முன்னால் சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய லாரி,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கிழங்கு உருட்டிவிட்டபடி.
அதன் பின்னாலேயே பதினைந்து கிலோமீட்டர்,
வரிசையில் காத்திருப்பவளைப் போல.
நீ ஜன்னலோடு ஒட்டி எட்டிப் பார்த்தாய்.
'இரு.'
பாப்லர் மரங்கள் மஞ்சளாய்ப் பின்னால் போயின.
'இரு.'
ஒரு பேருந்து, ஒரு டிராக்டர், காரணமில்லாமல் ஒரு மாடு.
'இரு, இரு...
இப்ப.'

கண்ணை மூடிக்கொண்டேன் என்று உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.
ஒரு கணம்தான்.
திறந்தபோது சாலை முழுக்க நமக்கு.

இன்று வெள்ளி.
நாளை இரவு கணவாயில் பனி விழலாம் என்கிறார்கள்.
விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால்
அது விழுவதற்குள் அந்தப் பக்கம்.
திரும்பும் நாளைப் பற்றி அட்டையில் ஒன்றும் எழுதவில்லை,
புறங்கை முடிந்துவிட்டது.

ஓமுர்பெக் மேசை மேசையாகத் தேடிக்கொண்டு வருகிறார்:
ஐம்பத்திரண்டின் இடது கை எங்கே?
யார் எடுத்தது?
அது என் மடியில், பாதி தைத்த உள்துணிக்குக் கீழே.
நான் தலை நிமிரவில்லை.
பக்கத்தில் உன் மெஷின் நிற்கிறது.
'இரு,' என்கிறாய், உதடு அசையாமல்.

அவர் பொத்தான் பெட்டிகளைத் தாண்டுகிறார்.
இஸ்திரிப் புகைக்குள் நுழைகிறார்.
கிடங்கின் கதவைத் திறக்கிறார்.

'இப்ப.'